முன்னுரை, அணிந்துரை, பாயிரம்: தொடக்கச் சொற்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நூல்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. முதல் நூல் கொண்டுவருகிறவர்கள் உள்ளே இருக்கும் கதையைப் பற்றியோ கட்டுரையைப் பற்றியோ அதிகம் கேட்பதில்லை. முன்பக்கங்களைப் பற்றித்தான் கேட்பார்கள்: "இதுக்கு மேல என்ன தலைப்பு போடணும்? முன்னுரையா, அணிந்துரையா?" அழைப்பிதழ் அச்சடிக்க வருகிறவர்களுக்கும் இதே போன்ற குழப்பம் உண்டு. பலமுறை வாயால் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

முன்னுரை, முகவுரை, அணிந்துரை எல்லாம் ஒன்றுதானே? எதை வேண்டுமானாலும் போடலாமா?

ஒரு காலத்தில் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருந்தன. இன்று அப்படி இல்லை. எதைப் போடுவது என்று குழம்பினால் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இந்தப் பக்கத்தில் பேசுகிறவர் யார்?

நூலை எழுதியவரே பேசினால் முன்னுரை, முகவுரை, என்னுரை. நூலுக்கு வெளியே இருக்கும் ஒருவர், பெரும்பாலும் அந்தத் துறையில் மூத்தவர், நூலைப் பற்றிப் பேசினால் அணிந்துரை. பதிப்பாளரோ பதிப்பாசிரியரோ பேசினால் பதிப்புரை. நூலுக்குள் இறங்காமல் "நல்லா இரு" என்று மனதார வாழ்த்தினால் வாழ்த்துரை. ஆள் மாறினால் சொல்லும் மாற வேண்டும். தானே எழுதிய நான்கு பக்கத்துக்கு 'அணிந்துரை' என்று தலைப்பிட்டு வரும் கையெழுத்துப்படிகளை நான் பார்த்திருக்கிறேன். அது தன் கழுத்தில் தானே மாலை போட்டுக்கொள்வது போல ஆகிவிடும்.

இந்தச் சொற்கள் எல்லாம் எங்கிருந்து வந்தன?

பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் முதல் நூற்பாவே இதைப் பற்றியதுதான்:

முகவுரை பதிகம் அணிந்துரை நூன்முகம்
புறவுரை தந்துரை புனைந்துரை பாயிரம்

பாயிரம் என்ற ஒன்றுக்கு ஏழு பெயர்கள். ஓர் இலக்கண நூல், எழுத்தையும் சொல்லையும் பற்றிப் பேசுவதற்கு முன்னால், 'தொடங்குவது எப்படி' என்பதற்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட நூற்பாக்களை ஒதுக்கியிருக்கிறது. நம் முன்னோர் தொடக்கத்தை எவ்வளவு பொறுப்பாக எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு எனக்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

உரையாசிரியர்கள் ஒவ்வொரு பெயருக்கும் காரணம் சொல்லியிருக்கிறார்கள். நூலுக்கு முன்னால் சொல்லப்படுவதால் முகவுரை. நூலுக்கு முகம் போல இருப்பதால் நூன்முகம். பலவகைப் பொருளையும் தொகுத்துச் சொல்வதால் பதிகம். நூலின் பெருமை விளங்க அலங்கரித்துச் சொல்வதால் அணிந்துரை, புனைந்துரை. நூலில் இல்லாத செய்திகளை நூலின் புறத்தே வைத்துச் சொல்வதால் புறவுரை. அப்படி இல்லாததைக் கொண்டுவந்து தந்து சொல்வதால் தந்துரை.

கவனித்தீர்களா, இந்த ஏழில் 'முன்னுரை' இல்லை. இன்று நாம் அதிகம் புழங்கும் சொல் அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. அதற்காக முன்னுரையைத் தள்ளிவிட வேண்டியதில்லை. தெளிவான, யாருக்கும் புரிகிற, நல்ல சொல். புறவுரையும் தந்துரையும்தான் வழக்கொழிந்துவிட்டன. புனைந்துரைக்கு இன்று 'கட்டிச் சொல்வது' என்ற நிழல் விழுந்துவிட்டது. நூலின் முன்னால் அதைத் தலைப்பாகப் போடாதீர்கள்.

அணிந்துரை எழுத யாரைக் கேட்பது?

இதற்கும் நன்னூலில் நேரடியான பதில் இருக்கிறது. தன் ஆசிரியர், தன்னோடு கற்றவர், தன் மாணவர், தகுந்த உரைகாரர் என்ற நால்வரும் பாயிரம் சொல்லலாம் என்கிறது. எல்லோரும் ஆசிரியரை அருகிலிருந்து அறிந்தவர்கள், அல்லது நூலுக்குள் முழுக்க இறங்கியவர்கள். ஊரில் பெரிய மனிதர் என்ற தகுதி பட்டியலில் இல்லை.

தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரத்தைப் பாடியவர் பனம்பாரனார். அவர் தொல்காப்பியரோடு ஒரே ஆசிரியரிடம் படித்தவர் என்பது மரபு. உடன் படித்தவன் எழுதிய முன்பக்கம்தான் 'வட வேங்கடம் தென் குமரி ஆயிடைத் தமிழ் கூறு நல்லுலகத்து' என்று இன்றுவரை தமிழ் நிலத்துக்கு எல்லை சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஆகவே என் யோசனை இது. உங்கள் சிறுகதைகளை முதல் படியிலேயே படித்துக் குறை சொன்ன நண்பர் இருந்தால் அவரைக் கேளுங்கள். நூலைத் திறந்துகூடப் பார்க்க நேரமில்லாத பிரபலத்திடம் வாங்கும் இரண்டு பக்கம் வாசகருக்கு எதையும் தராது. கேட்கும்போது முழுக் கையெழுத்துப்படியையும் கொடுங்கள், போதிய அவகாசம் கொடுங்கள், இத்தனை பக்கம் வேண்டும் என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள். "ஐயா, நீங்க என்ன எழுதினாலும் சரி" என்று விட்டுவிட்டு, வந்த பிறகு வெட்டச் சொல்வதுதான் மனத்தாங்கலில் முடிகிறது.

என்னுரையில் என் நூலை நானே உயர்த்திப் பேசலாமா?

'தோன்றா தோற்றித் துறைபல முடிப்பினும் தான்தற் புகழ்தல் தகுதி யன்றே' என்கிறது நன்னூல். யாருக்கும் தோன்றாத ஒன்றைக் கண்டுபிடித்து எழுதியிருந்தாலும் தன்னைத் தானே புகழக் கூடாது. அதற்காகத்தான் அணிந்துரைக்கு வேறொருவர் தேவைப்பட்டார்.

அடுத்த நூற்பா நான்கு விலக்குகள் தருகிறது. அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவர் நடுவில், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய வேளையில், எதிரி தன்னைப் பழித்தபோது. இந்த நான்கிலும் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம். வேலைக்கு விண்ணப்பம் எழுதக் கூச்சப்படுகிற பிள்ளைகளுக்கு நான் இந்த நூற்பாவைத்தான் சொல்வேன். உன் ஆற்றலை அறியாதவரிடம்தான் போகிறாய், தாராளமாகச் சொல்.

முன்னுரையில் என்னவெல்லாம் இருக்க வேண்டும்?

நன்னூல் எட்டுப் பொருள் கேட்கிறது: ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். காலம், களம், காரணம் என்ற மூன்றையும் சேர்ப்பவர்கள் உண்டு என்று அடுத்துச் சொல்கிறது. களம் என்றால் நூல் அரங்கேறிய அவை. தொல்காப்பியப் பாயிரத்தில் அது நிலந்தரு திருவின் பாண்டியன் அவை. அங்கே நூலைக் கேட்டு ஆராய்ந்தவர் அதங்கோட்டு ஆசான்.

ஆக்கியோன் பெயரும் நூற்பெயரும் இன்று அட்டையிலேயே இருக்கின்றன. மீதியில் இன்றைக்கும் உயிரோடு இருப்பவை மூன்று என்று நினைக்கிறேன். வழி, அதாவது இது எதிலிருந்து கிளைத்தது, யாருக்குக் கடன்பட்டது. கேட்போர், அதாவது யாருக்காக எழுதினீர்கள். காரணம், அதாவது ஏன் இப்போது. இந்த மூன்றையும் நேர்மையாகச் சொன்ன முன்னுரை ஒன்றரைப் பக்கத்தில் முடிந்தாலும் நிறைவாக இருக்கும்.

பாரதியார் 1912-இல் பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகத்துக்கு எழுதிய முகவுரையை எடுத்துப் படியுங்கள். எளிய பதங்கள், எளிய நடை, எளிதில் புரியும் சந்தம், பொதுமக்கள் விரும்பும் மெட்டு கொண்ட காவியம் செய்து தருகிறவன் தாய்மொழிக்குப் புதிய உயிர் தருகிறான் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார். கேட்போர் யார், காரணம் என்ன என்ற இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டன. அந்த நூலை அவர் யாருக்குக் காணிக்கை ஆக்கினார் தெரியுமா? இனிமேல் பிறந்து தமிழில் காவியங்கள் செய்யப்போகிற வரகவிகளுக்கும், அவர்களுக்குத் துணை நிற்கப்போகிற பிரபுக்களுக்கும். சமர்ப்பணம் எழுதத் திணறுகிறவர்களிடம் நான் எப்போதும் காட்டும் பக்கம் அது.

பதிப்புரை என்றால் பதிப்பகம் எழுதும் இரண்டு வரி தானே?

இன்று பெரும்பாலும் அப்படித்தான் சுருங்கிவிட்டது. ஆனால் இந்தச் சொல்லின் பெருமை வேறு. யாழ்ப்பாணம் சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரம் பிள்ளை 1881-இல் வீரசோழியத்தையும் 1887-இல் கலித்தொகையையும் பதிப்பித்தபோது எழுதிய பதிப்புரைகள், ஏடு தேடிப் பட்ட சிரமத்தையும் தமிழின் நிலைமையையும் நெஞ்சு நொந்து பேசுபவை. அவற்றைத் தனியே தொகுத்து நூலாகவே போட்டார்கள். உ.வே. சாமிநாதையர் தம் பதிப்புகளில் 'முகவுரை' என்றே எழுதினார். 1894-இல் வந்த புறநானூற்றின் முகவுரையும் அப்படியே. ஏடு எங்கே கிடைத்தது, யார் கொடுத்தார்கள், எந்த ஏட்டில் என்ன சிதைந்திருந்தது என்று சொல்வதுதான் அவர்களுக்குப் பதிப்பாசிரியர் கடமை.

பழைய நூல் ஒன்றை மறுபதிப்புச் செய்கிறீர்களா? எந்தப் பதிப்பைப் பார்த்து அச்சிட்டீர்கள் என்ற ஒரு வரியையாவது பதிப்புரையில் எழுதுங்கள். அதை விட்டுவிட்டால் பின்னால் வருகிற ஆய்வாளர் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

சாற்றுக்கவி என்பது என்ன?

நூலையும் ஆசிரியரையும் பாராட்டிப் பிற புலவர்கள் பாடித் தரும் செய்யுள். 19-ஆம் நூற்றாண்டு நூல்களில் பக்கம் பக்கமாக இருக்கும். அந்த இடத்தில்தான் இன்று பின்னட்டைப் பாராட்டு வரிகள் வந்து உட்கார்ந்திருக்கின்றன. மதிப்புரை வேறு, அது நூல் வெளிவந்த பிறகு இதழில் எழுதுவது, குறையும் சொல்வது. நூலின் முன்பக்கத்தில் 'மதிப்புரை' என்று போடுவது பொருந்தாது.

தேவாரப் பதிகமும் நன்னூல் சொல்லும் பதிகமும் ஒன்றா?

ஒரே ஒலி, இரண்டு பொருள். தேவாரத்தில் பதிகம் என்றால் பத்துப் பாடல் அளவில் அமைந்த தொகுதி. பாயிரமான பதிகம் சிலப்பதிகாரத்துக்கும் மணிமேகலைக்கும் முன்னால் நிற்கிறது. பதிற்றுப்பத்தில் ஒவ்வொரு பத்தின் முடிவிலும் வருகிறது. ஆக, பெயர் பாயிரத்துக்குரியது என்றாலும் இருக்கும் இடம் கடைசி. திருஞானசம்பந்தர் தம் பதிகங்களின் இறுதியில் வைக்கும் திருக்கடைக்காப்பும் பாடியவர் பெயரையும் பாடுவதால் வரும் பயனையும் சொல்லும். பாயிரம் கேட்கும் எட்டில் இரண்டு அங்கே வாசல் மாறி உட்கார்ந்திருக்கின்றன.

அவையடக்கம் எழுதும் வழக்கம் இன்னும் உண்டா?

நூலில் தனிப்பகுதியாக இல்லை. மேடையில் வேறு உருவில் இருக்கிறது. பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிட ஆசைப்பட்ட பூனையைப் போல நான் இராமன் கதையைச் சொல்ல வந்தேன் என்று கம்பர் அவையடக்கத்தில் சொல்கிறார். அந்தப் பாட்டில் பணிவு எவ்வளவு உண்டோ அவ்வளவு கவனமும் உண்டு. கடல் எவ்வளவு பெரிது என்று அளந்து பார்த்தவன்தான் தன்னைப் பூனை என்று சொல்ல முடியும். "எனக்குப் பேச வராது, திடீர்னு கூப்பிட்டுட்டாங்க, எதுவும் தயார் பண்ணல" என்று தொடங்குவதை அவையடக்கம் என்று நினைத்துக்கொள்கிறோம். தயாரிக்காமல் வருவது அவைக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

அரசமைப்புச் சட்டத்தின் தொடக்கத்தை முகவுரை என்பதா, முகப்புரை என்பதா?

இரண்டும் வழங்குகின்றன. தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்களில் 'முகவுரை' என்று படித்திருப்பீர்கள். சட்டத் தமிழில் 'முகப்புரை' உண்டு. தேர்வு எழுதுகிறவர்கள் பாடநூலில் உள்ளதையே எழுதுங்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. முகவுரை அரசமைப்பின் பகுதியா, இல்லையா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. 1960-இல் பெருபாரி வழக்கில், பகுதி இல்லை என்றது நீதிமன்றம். 1973-இல் கேசவானந்த பாரதி வழக்கில், பகுதிதான் என்றது. பாயிரத்துக்குப் 'புறவுரை' என்றும் 'நூன்முகம்' என்றும் இரண்டு பெயர் வைத்தவர்களும் இந்தக் கேள்வியின் இரு பக்கத்தையும் பார்த்தவர்கள்தான். புறத்தே நிற்பதா, முகமாக ஒட்டியிருப்பதா? 1976-இல் 42-ஆம் திருத்தம் முகவுரையிலேயே சொற்களைச் சேர்த்தது. முகம் உடலோடு சேர்ந்தது என்பதால்தான் அதில் கை வைக்க முடிந்தது.

தொடக்கமா, துவக்கமா?

தொடக்கம். 'தொடங்கற்க எவ்வினையும்' என்று குறளே இருக்கிறது (491). துவக்கம் பேச்சிலும் இதழ்களிலும் பரவலாக இருக்கிறது, பிழை என்று யாரையும் திட்ட மாட்டேன். ஆனால் என் கைக்கு வரும் மெய்ப்பில் தொடக்கம் என்றே மாற்றுவேன். இலங்கைத் தமிழர் படிக்கப் போகும் அழைப்பிதழ் என்றால் கூடுதல் காரணமும் உண்டு. அங்கே துவக்கு என்றால் துப்பாக்கி. ஆரம்பம் வடசொல் வழி வந்து வீட்டுப் பேச்சில் ஊறிவிட்ட சொல். "சாப்பாடு ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்கிறவரைத் திருத்தப் போகாதீர்கள்.

அழைப்பிதழில் தொடக்க விழா, திறப்பு விழா, கால்கோள் விழா: எது எப்போது?

கட்டடம், கடை, சிலை என்று கண்ணால் பார்க்கும் பொருள் இருந்தால் திறப்பு விழா. சங்கம், வகுப்பு, இதழ், பயிற்சி என்றால் தொடக்க விழா. இன்னும் எழும்பாத கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டு விழா. மாநாட்டுப் பந்தலுக்கு முதல் கால் நடுவது போன்ற வேலைக்குக் கால்கோள் விழா. வீட்டுக்குப் புதுமனை புகுவிழா. 'நூல் திறப்பு விழா' என்று ஒருமுறை அழைப்பிதழ் வந்தது; நூலுக்கு வெளியீட்டு விழா, அல்லது அறிமுக விழா.

மேடையில் வரவேற்புரை, தலைமையுரை, தொடக்கவுரை, நோக்கவுரை, அறிமுகவுரை என்று இத்தனை ஏன்?

ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது. வரவேற்புரை வந்தவர்களை வரவேற்பது. நோக்கவுரை ஏன் கூடினோம் என்று சொல்வது. தலைமையுரை அவையை நடத்துகிறவர் பேசுவது. தொடக்கவுரை நிகழ்வைத் தொடங்கிவைக்க வந்த விருந்தினர் பேசுவது. அறிமுகவுரை ஓர் ஆளையோ நூலையோ அவைக்குக் காட்டுவது. 'முன்னிலை' என்று பெயர் போட்டவர் பேச வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவர் இருப்பதே சிறப்பு. பாராட்டுப் பெற்றவரோ நூலாசிரியரோ கடைசியில் பேசுவது ஏற்புரை.

இலங்கையில் நூல் வெளியீடு என்றால் மங்கல விளக்கேற்றலுக்குப் பிறகு ஆசியுரை, வாழ்த்துரை, வெளியீட்டுரை, நயப்புரை என்று வரிசை போகும். நயப்புரை என்ற சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். நூலின் நயத்தை எடுத்துக் காட்டுவது மட்டும்தான் தன் வேலை என்று பேச வந்தவருக்கு அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. தமிழ்நாட்டு அழைப்பிதழ்களும் அதைக் கடன் வாங்கலாம்.

அரங்கில் எல்லோரையும் சோர்வடையச் செய்வது விருந்தினர் அறிமுகம். பட்டம், பதவி, விருது என்று தாளைப் பார்த்துப் பத்து நிமிடம் வாசிக்காதீர்கள். இன்று பேசப்போகும் பொருளுக்கும் இவருக்கும் என்ன தொடர்பு என்று நான்கு வாக்கியம் சொன்னால் அவை நிமிர்ந்து உட்காரும்.

தமிழ்த்தாய் வாழ்த்து பாடித் தொடங்குவதும் இந்த மரபில் சேருமா?

நேரடியாகவே சேரும். 'நீராருங் கடலுடுத்த' 1891-இல் சுந்தரம் பிள்ளை வெளியிட்ட மனோன்மணீயம் நாடகத்தின் பாயிரத்தில் இருப்பது. அங்கே அதன் தலைப்பு 'தமிழ்த் தெய்வ வணக்கம்'. 1970-இல் தமிழ்நாடு அரசு அதன் ஒரு பகுதியை அரசு விழாக்களின் தொடக்கப் பாடலாக ஏற்றது. 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவித்தது. ஒரு நாடகத்தின் பாயிரம் ஒரு மாநிலத்தின் எல்லாக் கூட்டத்துக்கும் பாயிரமாகிவிட்டது.

ஒருவரை இன்னொருவருக்கு அறிமுகம் செய்யும்போது முதலில் என்ன சொல்வது?

அலுவலகத்தில் பெயர், பதவி. வீட்டில் அப்படி இல்லை. உறவும் ஊரும் முதலில் வரும், பெயர் பிறகு வரும், சில நேரம் வராமலே போகும். "பெரியப்பா, இவன் என்கூட வேலை பாக்குற தம்பி. நம்ம உசிலம்பட்டிப் பக்கம்தான்." "அப்படியா, வாப்பா. உசிலம்பட்டியில எங்க?" இவ்வளவு போதும், பேச்சு ஓடத் தொடங்கிவிடும். யாழ்ப்பாணத்துப் பெரியவர் என்றால் "தம்பி எவடம்?" என்று கேட்பார். மரியாதையின் வரிசை ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: இளையவரைத்தான் மூத்தவருக்கு முதலில் காட்ட வேண்டும்.

பள்ளிக் கட்டுரையில் முன்னுரை எழுதுவது எப்படி?

'முன்னுரை' என்று தலைப்பிட்டு, "இக்கட்டுரையில் இதைப் பற்றிக் காண்போம்" என்று ஒரே வரியில் முடிக்காதே, தம்பி, தங்கை. தலைப்புக்குள் நுழைய ஒரு படி கொடு. நீர் மேலாண்மை பற்றிய கட்டுரை என்றால் உன் ஊர்க் கண்மாய் இந்தக் கோடையில் எப்படி இருந்தது என்று மூன்று வரி எழுது. திருத்துகிற ஆசிரியர் அந்த மூன்று வரியில் உன்னைப் பார்த்துவிடுவார்.

நூன்முகம் என்று ஏன் 'ன்' வருகிறது? நூல்முகம் தவறா?

நூல் + முகம் சேரும்போது லகரம் னகரமாகும். சேர்த்து எழுதினால் நூன்முகம்தான்.

முன்னுரையை முதலில் எழுதுவதா, கடைசியிலா?

கடைசியில். முழு நூலும் மெய்ப்பு முடிந்து, எதை விட்டீர்கள் எதைச் சேர்த்தீர்கள் என்று உங்களுக்கே தெரிந்த பிறகு எழுதுங்கள். பழைய நூல்களில் முன்பக்கங்களுக்கு மட்டும் i, ii, iii என்று தனி எண் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்படிவங்கள் அச்சாகி முடிந்த பிறகும் அணிந்துரைக்காகவும் முகவுரைக்காகவும் காத்திருக்க முடிந்தது அந்தத் தனி எண்ணால்தான்.